கைக்கு ஏற்ற பிடி

இன்று பள்ளியிலிருந்து வீட்டுக்குப் போனதும் அடுக்களையிலுள்ள கத்தியை எடுத்துப் பாருங்கள். பிடியின்மேல் பழைய துணிக்கிழிசலோ, சைக்கிள் டியூப் துண்டோ சுற்றியிருக்கிறதா? பல வீடுகளில் இருக்கும். பிடி ஆடியதால் சுற்றினேன் என்று சிலர் சொல்வார்கள். ஆனால் சற்றும் ஆடாத, உறுதியான பிடியின்மேலும் துணி சுற்றிய கத்திகள் உண்டு. அவற்றில் துணி எதற்கு?

பிடி அந்தக் கைக்கு மெல்லியதாக இருந்திருக்கிறது. நறுக்கும்போது அது உள்ளங்கைக்குள் உருண்டிருக்கிறது. பாட்டி ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார், போதவில்லை. இன்னும் இரண்டு சுற்று சுற்றினார், சரியாக இருந்தது. நிறுத்திவிட்டார். கருவியின் அளவைக் கையின் அளவுக்குப் பொருத்தும் சோதனை ஒன்றை அவர் செய்து முடித்திருக்கிறார். முடிவைக் குறித்து வைக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்த முடிவை நாம் அளந்து, அதற்குக் காரணமும் காண முடியுமா என்று பார்ப்போம். கத்தி, அரிவாள், மண்வெட்டி, சுத்தி என்று கையால் இயக்கும் எல்லாக் கருவிகளுக்கும் இது பொருந்தும். கத்தியை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. பிடி பொருந்தாத மண்வெட்டி கையில் கொப்புளம் உண்டாக்கும். பிடி பொருந்தாத கத்தி வழுக்கினால் விரல் போய்விடும்.

இருவகைப் பிடிப்பு

ஒரு பென்சிலை எடுத்து எழுதுங்கள். பிறகு ஒரு சுத்தியைப் பிடியுங்கள். இரண்டையும் உங்கள் கை ஒரே விதமாகவா பிடிக்கிறது? பென்சிலை விரல் நுனிகளும் கட்டைவிரலும் பிடிக்கின்றன. உள்ளங்கைக்கு அதில் வேலை இல்லை. சுத்தியையோ நான்கு விரல்களும் சுற்றி வளைத்து உள்ளங்கையோடு அழுத்துகின்றன. ஜான் நேப்பியர் என்ற பிரிட்டிஷ் உடற்கூற்று அறிஞர் 1956இல் கையின் அசைவுகளை ஆராய்ந்து, முன்னதை நுட்பப் பிடிப்பு என்றும் பின்னதை வலுப் பிடிப்பு என்றும் பிரித்தார்.

பூசணிக்காயைப் பிளக்கும்போது கத்தியை வலுவுடன் பிடிக்கிறோம். வெங்காயத்தைப் பொடியாக நறுக்கும்போது கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் முன்னே நகர்ந்து அலகின் பக்கம் வந்து நிற்கின்றன. வலுவும் நுட்பமும் அங்கே கலந்துவிடுகின்றன. கத்திப் பிடி செய்வது சுத்திக்குக் காம்பு போடுவதைவிடக் கடினமாக இருப்பது இதனால்தான். ஒரே பிடி இரண்டு வேலைக்கும் உதவ வேண்டும்.

நாம் வலுப் பிடிப்பிலிருந்து தொடங்குவோம்.

ஒரு சோதனை

இதற்கு உண்மையான கத்தி வேண்டாம், வேண்டவே வேண்டாம். தேவையானவை ஐந்து மூங்கில் குச்சிகள், பழைய செய்தித்தாள், பசை, பழுப்புக் காகிதம், கயிறு. இவற்றோடு பழைய பேப்பர்க் கடையில் எடை போடும் கொக்கித் தராசு ஒன்று. பள்ளி ஆய்வுக்கூடத்துச் சுருள்வில் தராசு இதற்குப் போதாது. உங்கள் பிடி அதன் எல்லையைத் தாண்டிவிடும்.

ஒவ்வொரு குச்சியின்மேலும் செய்தித்தாளைப் பசையிட்டு இறுக்கமாகச் சுற்றி 2, 3, 4, 5, 6 செ.மீ. விட்டமுள்ள உருளைகள் செய்யுங்கள். எல்லாவற்றுக்கும் வெளிச்சுற்றாக ஒரே வகைப் பழுப்புக் காகிதத்தை ஒட்டுங்கள். (ஏன் ஒரே காகிதம்? யோசியுங்கள்.) நன்கு உலர்ந்தபின் குச்சியின் ஒரு முனையில் கயிறு கட்டித் தராசில் மாட்டுங்கள். நீங்கள் உருளையை இறுகப் பிடித்துக்கொள்ள, நண்பர் தராசைப் பிடித்து மெல்ல மெல்ல இழுக்கட்டும். உருளை கையிலிருந்து நழுவத் தொடங்கும் நொடியில் தராசு காட்டும் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு உருளைக்கும் மூன்று முறை செய்து சராசரி காணுங்கள். நடுவே இரண்டு நிமிடமாவது கைக்கு ஓய்வு தேவை. இல்லாவிட்டால் உருளையின் குற்றமா, களைத்த கையின் குற்றமா என்று தெரியாது.

நழுவாமல் தடுப்பது உராய்வு. உராய்வு விசை, கை அழுத்தும் விசைக்கு நேர்விகிதத்தில் இருக்கும். எனவே தராசின் அளவு கூடினால் பிடியின் வலு கூடியது என்று பொருள். வெளிக்காகிதம் ஒன்றாக இருந்தால்தான் இப்படிச் சொல்ல முடியும்.

விட்டத்தைக் கிடையச்சிலும் விசையைச் செங்குத்தச்சிலும் எடுத்து வரைபடம் வரையுங்கள். கோடு ஏறி, ஓரிடத்தில் உச்சம் தொட்டு, பிறகு இறங்கும். பெரியவர்கள் பலருக்கு உச்சம் 3 செ.மீ.க்கும் 4 செ.மீ.க்கும் இடையில் அமையும். உங்களுக்கும் உங்கள் வகுப்பிலேயே உயரமான மாணவருக்கும் உச்சம் ஒரே இடத்தில் விழுகிறதா என்று பார்க்கத் தவறாதீர்கள். இந்தக் கட்டுரையின் சாரமே அங்குதான் இருக்கிறது.

உச்சம் ஏன் நடுவில் இருக்கிறது?

விரல்களை மடக்கும் பெரிய தசைகள் விரலில் இல்லை; முன்கையில் இருக்கின்றன. இடக்கையால் வலது முன்கையைப் பற்றிக்கொண்டு வலக்கை விரல்களை மடக்கி விரித்துப் பாருங்கள். உள்ளே அசைவது தெரியும். அங்கிருந்து நீண்ட தசைநாண்கள் மணிக்கட்டைக் கடந்து விரல்களுக்குச் செல்கின்றன.

தசைக்குள் ஆக்டின், மயோசின் எனும் இருவகை நுண்ணிழைகள் இரண்டு சீப்புகளின் பற்களைப் போல ஒன்றினூடே ஒன்று கோத்திருக்கின்றன. தசை சுருங்கும்போது இவை ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி நகர்கின்றன. 1954இல் இரு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே இதனை வெளியிட்டன. ஒரு குழுவில் ஆண்ட்ரூ ஹக்ஸ்லி, மற்றொன்றில் ஹியூ ஹக்ஸ்லி. பெயர் ஒன்றே தவிர இருவரும் உறவினர் அல்லர்! தவளைத் தசையிழைகளைக் கொண்டு 1966இல் ஆண்ட்ரூ ஹக்ஸ்லி குழுவினர் இன்னொன்றையும் காட்டினர். இழைகள் ஓரளவு கோத்திருக்கும் நிலையில்தான் விசை மிகுதி. மிகவும் இழுபட்டால் கோப்புக் குறைந்து விசை குறையும். மிகவும் சுருங்கினால் எதிரெதிர் இழைகள் ஒன்றோடொன்று மோதி விசை குறையும்.

மெல்லிய பிடியைப் பற்றும்போது விரல்கள் ஏறத்தாழ முழுவதும் மடங்கி, தசை குறுகிப் போய்விடுகிறது. அதோடு விரல் நுனிகள் பிடியை அழுத்துவதற்குப் பதில் உங்கள் உள்ளங்கையையே குத்துகின்றன. மிகப் பருமனான பிடியிலோ விரல்கள் சுற்றி வளைக்க முடியாமல் விரிந்து நிற்கின்றன. கட்டைவிரலும் மற்ற விரல்களும் எதிரெதிராக நின்று அழுத்த முடிவதில்லை. இரண்டிற்கும் நடுவில்தான் வலு.

இதை ஒரு நிமிடத்தில் சோதிக்கலாம். ஒரு பென்சிலை முஷ்டிக்குள் இறுகப் பிடித்துக்கொண்டு, மணிக்கட்டை உட்புறமாக முடிந்தவரை வளையுங்கள். இப்போது தம்பியோ தங்கையோ பென்சிலை உருவட்டும். எளிதாக வந்துவிடும். மணிக்கட்டு வளைந்ததும் மடக்கும் தசை மேலும் குறுகிவிட்டது. விரித்து நீட்டும் தசைகளும் எதிர்ப்புறமாக இழுக்கின்றன. நல்ல பிடி பருமனில் மட்டும் பொருந்தினால் போதாது, மணிக்கட்டையும் வளையாமல் வைத்திருக்க வேண்டும் என்பது இதிலிருந்து தெரிகிறது.

கையை அளந்து பிடியைக் கணக்கிடுதல்

நம் முன்னோர் விரற்கடை, சாண், முழம் என்று கையாலேயே உலகை அளந்தனர். பன்னிரண்டு விரற்கடை ஒரு சாண். இரண்டு சாண் ஒரு முழம். துணிக் கடையில் இந்த அளவு சண்டையை மூட்டும், ஆளுக்கு ஆள் முழம் வேறுபடுமே! ஆனால் அவரவர் கருவியை அவரவரே செய்துகொள்ளும்போது இதைவிடச் சிறந்த அளவுகோல் இல்லை.

ஓர் அளவுகோலை எடுத்து மணிக்கட்டின் மடிப்புக் கோட்டிலிருந்து நடுவிரல் நுனிவரை அளந்து கொள்ளுங்கள். இது கையின் நீளம். கட்டைவிரலைத் தவிர்த்து, நான்கு விரல்களின் அடிக்கணுக்களுக்குக் குறுக்கே அளந்தால் கையின் அகலம் கிடைக்கும்.

உருளை வடிவப் பிடிக்கு ஆய்வாளர்கள் கண்டுள்ள விதி எளியது. விட்டம், கையின் நீளத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. கையின் நீளம் 17.5 செ.மீ. என்றால் விட்டம் 3.5 செ.மீ.; சுற்றளவு 22/7 × 3.5 = 11 செ.மீ. கையின் நீளம் 20 செ.மீ. என்றால் விட்டம் 4 செ.மீ., சுற்றளவு சுமார் 12.6 செ.மீ. வேறுபாடு ஒன்றரைச் செ.மீ.தானே என்று தோன்றலாம். அந்த ஒன்றரைச் செ.மீ.க்காகத்தான் பாட்டி துணி சுற்றினார்.

கத்திக்கு உருளை வடிவம் ஆகாது. கடினமான காயை வெட்டும்போது அலகு நேராக இறங்காமல் ஒரு பக்கம் சாயப் பார்க்கும். அப்போது ஏற்படும் திருப்புத்திறனை எதிர்க்க, உருண்டைப் பிடியில் உராய்வு ஒன்றுதான் உண்டு. கை ஈரமாகவோ எண்ணெயாகவோ இருந்தால் அதுவும் இல்லை. நீள்வட்டப் பிடியில் அந்த வடிவமே சுழற்சியைத் தடுத்துவிடும். அலகு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கண்ணால் பார்க்காமலே கைக்குத் தெரியும். ஆகவே சுற்றளவை அப்படியே வைத்துக்கொண்டு வட்டத்தைச் சற்று நசுக்க வேண்டும். 3.5 செ.மீ. விட்டத்துக்குப் பதில், அலகின் திசையில் 4 செ.மீ., அதற்குக் குறுக்கே 3 செ.மீ. என்று கொண்டால் சுற்றளவு ஏறத்தாழ அதே 11 செ.மீ.

இது முழு வலுவுடன் பிடிக்கும் அரிவாள் போன்றவற்றுக்கான கணக்கு. காய் நறுக்கும் கத்திக்கு இதைவிட மெலிதான பிடியையே பலர் விரும்புவார்கள். விரல்கள் முன்னே போய் நுட்பப் பிடிப்பு நடத்த வேண்டும் அல்லவா? எவ்வளவு மெலிதாக என்பதைச் சூத்திரத்தால் சொல்ல முடியாது. அதைக் கைதான் சொல்ல வேண்டும்.

நீளம் மறக்கப்படும் அளவு. கையின் அகலத்தோடு 2 முதல் 3 செ.மீ. கூட்டிக்கொள்ளுங்கள். 8 செ.மீ. அகலக் கைக்குப் பிடி 10 அல்லது 11 செ.மீ. இதற்குக் குறைந்தால் பிடியின் கடைசி முனை உள்ளங்கையின் நடுவில் வந்து குத்தும். கை 10 கிலோகிராம் எடைக்குச் சமமான விசையுடன் அழுத்துகிறது என்று கொள்வோம். அது 20 சதுர செ.மீ. பரப்பில் பரவினால் ஒரு சதுர செ.மீ.க்கு அரைக் கிலோ அளவுதான். அதே விசை 2 சதுர செ.மீ. முனைமேல் விழுந்தால் ஒரு சதுர செ.மீ.க்கு 5 கிலோ, பத்து மடங்கு! விரல்களுக்குச் செல்லும் நரம்புகளும் இரத்தக் குழாய்களும் அந்த இடத்தின் கீழேதான் ஓடுகின்றன. வேலை முடிந்தபின் விரல்கள் மரத்துப்போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சராசரிக் கை எங்கே?

எல்லார் கையையும் அளந்து சராசரி எடுத்து, அதற்கு ஒரே பிடி செய்துவிட்டால் என்ன? தொழிற்சாலைகள் இதைத்தான் செய்ய விரும்பும். இதில் எவ்வளவு பெரிய பிழை இருக்கிறது என்பது விமானி அறையில் வெளிப்பட்டது.

1950இல் அமெரிக்க விமானப்படை நாலாயிரத்துக்கும் மேற்பட்ட விமானிகளின் உடலை அளந்தது. அதில் பணியாற்றிய கில்பர்ட் டேனியல்ஸ் என்ற இளைஞர் உயரம், மார்புச் சுற்றளவு, கை நீளம் முதலிய பத்து அளவுகளை எடுத்துக்கொண்டார். ஒவ்வோர் அளவிலும் நடுப்பகுதியிலுள்ள முப்பது விழுக்காட்டினரைச் 'சராசரி' என்று தாராளமாகவே வைத்தார். பத்திலும் சராசரியாக இருந்த விமானிகள் எத்தனை பேர்? ஒருவர்கூட இல்லை. அவர் அறிக்கை 1952இல் வந்தது.

நிகழ்தகவு படித்தவர்களுக்கு இது வியப்பாக இராது. அளவுகள் ஒன்றையொன்று சாராதவை என்று கொண்டால், மூன்று அளவுகளில் சராசரியாக இருப்பதற்கான வாய்ப்பு 0.3 × 0.3 × 0.3 = 0.027, அதாவது நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை. பத்து அளவுகளுக்கு இதைப் பெருக்கிப் பாருங்கள். பத்து லட்சத்தில் ஆறு பேர்! கைக்கும் இப்படித்தான். நீளக் கை அகலமாகவும் இருக்க வேண்டும் என்பதில்லை. அகன்ற உள்ளங்கையில் குட்டையான கட்டைவிரல் இருக்கலாம்.

இன்னொன்றும் உண்டு. கருவி செய்பவர் யாருடைய கையை மனத்தில் வைத்துச் செய்கிறார்? 1988இல் அமெரிக்கப் படையினரை அளந்தபோது ஆண்களின் கை அகலம் சராசரியாக 9 செ.மீ., பெண்களுக்கு 7.9 செ.மீ. என்று கிடைத்தது. நம் வயல்களில் கதிர் அறுப்பவர்களில் பெரும் பகுதியினர் பெண்கள். ஆண் கைக்கு அளவான அரிவாளை ஒரு பெண் பிடிக்கும்போது அவருடைய உச்ச வலு 25 கிலோவிலிருந்து 20 கிலோவாகக் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். அறுப்புக்கு 8 கிலோ பிடி தேவை. பொருந்திய பிடியில் இது அவர் வலுவில் 32 விழுக்காடு. பொருந்தாத பிடியில் 40 விழுக்காடு. அறுப்பது அதே கதிர், கூலியும் அதே கூலி. ஆனால் பொழுதெல்லாம் தசை கூடுதலாக உழைக்கிறது. இறுகிய தசைக்குள் இரத்த ஓட்டம் குறையும், களைப்பு விரைந்து வரும். களைத்த கையில்தான் அரிவாள் வழுக்குகிறது.

ஒரு நாட்டாரின் அளவை இன்னொரு நாட்டாருக்குப் போடுவதும் தவறே. இந்தியர்களின் உடல் அளவுகளைத் தொகுத்து அகமதாபாத்திலுள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1997இல் ஒரு நூல் வெளியிட்டது. வேளாண் தொழிலாளர்களின் அளவுகளும் வலுவும், ஆண் பெண் இருபாலாருக்கும், போபாலிலுள்ள மத்திய வேளாண் பொறியியல் நிறுவனத்தின் வாயிலாக 2009இல் நூலாக வெளிவந்தன. அரிவாளுக்குப் பல நூற்றாண்டு வயது இருக்க, அதைப் பிடிப்பவரின் கை அளவு நூலில் ஏற இத்தனை காலம் ஆயிற்று!

நம் அடுக்களை இந்தச் சிக்கலுக்கு வேறொரு தீர்வையும் கண்டிருக்கிறது. அரிவாள்மணையை நினைத்துப் பாருங்கள். அலகு பலகையில் நிற்கிறது. காயைத்தான் இரு கையாலும் நகர்த்துகிறோம். பிடி என்பதே இல்லை, ஆகவே பிடியின் அளவு என்ற கேள்வியும் இல்லை. ஆனால் மணையைச் சுமந்துகொண்டு கதிர் அறுக்கப் போக முடியாதே.

பிடியைச் செதுக்கும்போது

கையால் செய்யும் பிடிக்கு ஒரு பெரும் வசதி உண்டு. செய்பவர் கேட்கலாம். எங்கள் ஊர்த் தச்சர் பிடி போட்டுத் தரச் சொன்னால் மரத்தை எடுக்கமாட்டார். "இது யாருக்கு?" என்பார். அம்மாவுக்கு என்று சொன்னால், "அம்மாவை வரச் சொல்லு தம்பி, கையைப் பாக்கணும்" என்பார். அம்மா வந்ததும் அவர் கையில் ஒரு பழைய காம்பைக் கொடுத்து, "இறுக்கிப் பிடிங்கம்மா" என்று சொல்லி விரல் நுனி எங்கே போய் முட்டுகிறது என்று பார்ப்பார். உள்ளங்கையில் குத்தினால் இதைவிடப் பருமன் வேண்டும். கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே பெரிய இடைவெளி விழுந்தால் இதைவிட மெலிவு வேண்டும். கணக்குப் போடாமலே அவருக்கு விடை கிடைத்துவிடும்.

நீங்கள் மாதிரிப் பிடி ஒன்று செய்து பாருங்கள். குச்சியின்மேல் பிசைந்த களிமண்ணை அப்பி, வெட்டுவது போன்ற நிலையில் ஒருமுறை இறுகப் பிடித்து விடுங்கள். விரல் பதிந்த பள்ளங்கள் அழகாகத் தெரியும். அந்தப் பள்ளங்களை அப்படியே மரத்தில் செதுக்கலாம் என்ற ஆசை வரும். வேண்டாம். அந்தப் பள்ளங்கள் உங்கள் ஒரு கைக்கு, ஒரே ஒரு நிலைக்கு மட்டும் பொருந்தும். அக்கா பிடித்தால் அவர் விரல் மேட்டின்மேல் விழும். நீங்களே பிடிப்பை மாற்றினாலும் அப்படித்தான். மாதிரியிலிருந்து நீளம், பருமன், எந்த இடத்தில் தடித்திருக்க வேண்டும் என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மேற்பரப்பு வழவழப்பான வளைவாக இருக்கட்டும்.

வேலமரமோ புளியமரமோ, நன்கு உலர்ந்த கட்டையாக வேண்டும். பச்சை மரத்தில் இன்று பொருந்திய பிடி, நாளை உலர்ந்து சுருங்கிவிடும். கணக்கிட்ட அளவைவிட 2 மி.மீ. கூடுதலாகவே தொடங்குங்கள். அரத்தால் நாலு இழுப்பு, பிறகு கையில் பிடித்துப் பார்த்தல், மறுபடி நாலு இழுப்பு. மரத்தைக் குறைக்கலாம், கூட்ட முடியாது. கடைசியில் உப்புத்தாள். அளவுக்கு மீறி மெருகேற்றினால் ஈரக் கையில் வழுக்கும் என்பதால் அதிலும் நிதானம் தேவை. பிடியின் கடைமுனை சற்றுத் தடித்திருந்தால், இழுத்து அறுக்கும்போது கை பின்னால் நழுவாது. அலகின் பக்கம் ஒரு சிறு மேடு இருந்தால், குத்தும்போது கை முன்னால் நழுவி அலகின்மேல் ஏறாது. இரண்டில் ஒன்றைத்தான் செய்ய நேரம் உண்டென்றால் இரண்டாவதைச் செய்யுங்கள்.

அலகின் வாலைப் பிடிக்குள் இறக்கி, அரக்கு இட்டுப் பூண் போடும் வேலையைக் கொல்லரிடமோ தச்சரிடமோ விட்டுவிடுங்கள். சுட்ட இரும்போடு விளையாட வேண்டாம்.

வலிக்கும் கைகள்

மேலே சொன்ன ஐந்தில் ஒரு பங்கு விதி நலமான கைக்கு. மூட்டுவாதம் வந்த கை முழுவதும் மடங்காது. மெல்லிய பிடியை இறுக்குவதே வலி. அப்படிப்பட்டவருக்குக் கணக்கைவிடப் பருமனான, மென்மையான பிடி உதவும்.

ஸ்வீடனில் மரியா பெங்க்ட்சோன், ஸ்வென்-எரிக் யூலின் என்ற இரு வடிவமைப்பாளர்கள் 1970களின் முற்பகுதியில் இத்தகைய கைகளுக்காக ஒரு ரொட்டிக் கத்தி செய்தனர். அதன் பிடி அலகுக்கு நேர்க்கோட்டில் இல்லை. தச்சரின் ரம்பத்துப் பிடி போல நிமிர்ந்து நிற்கிறது. மணிக்கட்டை வளைக்காமலே அறுக்கலாம். உங்கள் பென்சில் சோதனை நினைவிருக்கிறதா? அமெரிக்காவில் சாம் ஃபார்பர் என்பவர், மூட்டுவாதத்தால் அவதிப்பட்ட தம் மனைவி தோல்சீவியைப் பிடிக்கச் சிரமப்படுவதைக் கண்டார். பருமனான, ரப்பர் போன்ற நீள்வட்டப் பிடியுடன் 1990இல் அவர் விற்பனைக்குக் கொண்டுவந்த தோல்சீவி பெரும் வெற்றி பெற்றது. கைவலி இல்லாதவர்களும் அதையே வாங்கினார்கள்.

இனித் துணி சுற்றிய உங்கள் வீட்டுக் கத்திக்கு வருவோம். அந்தத் துணியை அவிழ்த்துவிடாதீர்கள். முதலில் துணியின் மேலாகவே ஒரு நூலைச் சுற்றிச் சுற்றளவை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பாட்டியின் கை நீளத்தை அளந்து, ஐந்தால் வகுத்து, 22/7ஆல் பெருக்குங்கள். இரண்டு எண்களையும் அருகருகே எழுதிப் பாருங்கள். துணியின் அளவு மிகுதியாக இருந்தால் கணக்கு தவறிவிட்டது என்று எண்ண வேண்டாம். விரல் மூட்டு வலிக்கிறதா என்று பாட்டியிடம் கேளுங்கள். தச்சரிடம் போகும்போது துணியின் அளவையே கொடுங்கள்.